சிவப்புப் பைக்குள் செய்தித்தாள்

கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்த்த ஜவுளிக்கடையில் சிவப்புப் பையை எல்லாருக்கும் கொடுத்துவிட மாட்டார்கள். சுங்குடிச் சேலை, வேட்டி, பள்ளிக்கூடச் சீருடை, எதை எடுத்தாலும் மஞ்சள் பைதான். முகூர்த்தப் பட்டு எடுத்தால் மட்டும் மகாலட்சுமி படம் போட்ட பெரிய சிவப்புப் பை. அதை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால் அவள் வீட்டில் கல்யாணம் என்று சின்னசேலத்திலிருந்து ரிஷிவந்தியம் வரைக்கும் கேட்காமலே தெரிந்துகொள்வார்கள். பத்திரிகை அடிப்பதற்கு முன்னாலேயே ஊருக்குச் சேதி சொல்லிவிடும் பை அது.

நான் பட்டுப் பிரிவில் இருந்தேன். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு தியாகதுருகத்தில் நானும் என் மகளும்தான். கடைச் சம்பளத்தில்தான் அவளை வளர்த்தேன். கொரோனா வருவதற்குச் சற்று முன்பு, மாசியில், ரிஷிவந்தியத்தில் அவளுக்கு மாப்பிள்ளை முடிவானது. டிராக்டர் ஓட்டுகிற பையன். வந்து பூ வைத்துவிட்டுப் போனார்கள். வைகாசியில் கல்யாணம் என்று பேச்சு. பங்குனியில் ஊரையே அடைத்தார்கள். நோய் அடங்கட்டும், பிறகு நாள் குறிக்கலாம் என்று மாப்பிள்ளையின் அம்மா போனில் சொன்னார். நல்ல மனுஷி என்றுதான் அப்போது நினைத்தேன்.

கடையைத் திறக்கலாம் என்று உத்தரவு வந்தபோது கடைக்கு உயிர் வரவில்லை. ஆடித் தள்ளுபடி என்று வாசலில் வாழை மரம் கட்டினோம், ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. எங்களில் பாதிப் பேரைப் பிறகு கூப்பிடுகிறேன் என்று முதலாளி அனுப்பிவிட்டார். மிச்சமிருந்த எங்களுக்கு அரைச் சம்பளம். அதுவும் நின்றால் கல்யாணத்தை எதை வைத்து நடத்துவேன் என்ற ஒரே கவலைதான் எனக்கு.

வியாபாரிகள் எல்லாம் கல்யாண மண்டபம் ஒன்றில் இடைவெளி விட்டு நாற்காலி போட்டுக் கூட்டம் நடத்தினார்கள். மக்களிடம் இருப்பது நோய்ப் பயம் மட்டுமல்ல, செலவு செய்யும் பயம், முதலில் நம்பிக்கையை மீட்டெடுக்க வேண்டும் என்று யாரோ படித்தவர் பேசினாராம். மக்கள் கையில் காசில்லை என்று ஒருவரும் பேசவில்லை போலிருக்கிறது. முதலாளி நம்பிக்கையை மீட்கும் வழியோடு திரும்பி வந்தார். எங்களை வரிசையாக நிற்க வைத்தார்.

"கூட்டம் இருந்தாத்தான் கூட்டம் வரும். சாயங்காலம் வூட்டுக்குப் போம்போது ஆளுக்கு ரெண்டு பை எடுத்துக்கினு போங்க. பஜார்ல ஒரு சுத்து சுத்திட்டு பஸ் ஏறுங்க. காலையில கொண்டாந்து வெச்சிடுங்க."

"உள்ள இன்னா மொதலாளி?" என்று கேட்டேன்.

"பேப்பர ரொப்பு. நல்லா உப்பிக்கினு இருக்கணும். வெளிய மூச்சு வுட்டீங்கன்னா மறுநா வேலைக்கு வராதீங்க."

மற்றவர்களுக்கு மஞ்சள் பை. என்னிடம் மட்டும் பெரிய சிவப்புப் பை ஒன்றை நீட்டினார். "ஒனக்குக் கல்யாண வயசுல பொண்ணு இருக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும். நம்புவாங்க" என்றார். என் மகளின் வயதைக்கூட அவர் சரக்கோடு சரக்காகக் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. வேலை போகவில்லை என்ற நிம்மதிதான் பெரிதாக இருந்தது.

ஆவணியில் பஸ் ஓடத் தொடங்கியிருந்தது. தினமும் சாயங்காலம் பஜாரைச் சுற்றிவிட்டு, ஜன்னலோரமாகப் பையை மடியில் வைத்து உட்கார்வேன். "இன்னாக்கா, வூட்ல விசேஷமா?" என்று கண்டக்டர் கேட்பான். முகக்கவசத்துக்குள் நான் சிரித்தேனா, பல்லைக் கடித்தேனா என்று அவனுக்குத் தெரிய நியாயமில்லை. வீட்டில் மகள் அந்தச் செய்தித்தாள்களை எடுத்து, கசங்கல் நீக்கி, மறுபடி உப்பலாக மடித்து வைப்பாள். பக்கத்து வீட்டில் கேட்டபோது யாருக்கோ எடுத்தது, கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றேன். தலையாட்டினார்கள். நம்பவில்லை.

நம்பாததற்குக் காரணம் இருந்தது. கூட்டம் கூடக்கூடாது என்ற உத்தரவைச் சாக்காக வைத்துப் பங்காளிக்குக்கூடச் சொல்லாமல் விடியற்காலையில் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு வந்தவர்கள் அப்போது தெருவுக்கு ஒருவராவது இருந்தார்கள். 'இவளும் கமுக்கமாக முடிக்கப் பார்க்கிறாள்' என்று பேச்சு கிளம்பியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இத்தனை நாடகத்துக்கும் நடுவில் உண்மையாகவே வாங்க வந்தவர்களை எங்கள் முதலாளி எப்படி நடத்தினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்வராயன் மலையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கடுக்காயும் புளியும் விற்ற கையோடு, வீட்டு விசேஷத்துக்குத் துணி எடுக்க ஏழெட்டுப் பேராக வந்து நின்றார்கள். மலையிலிருந்து வருகிறவர்கள் அப்படித்தான். எல்லாரும் தொட்டுப் பார்த்து, எல்லாரும் சரி என்றால்தான் ஒரு சேலை எடுப்பார்கள். முதலாளி அவர்களை வாசலிலேயே நிறுத்தி மருந்துத் தண்ணீரைத் தலையோடு கால் அடிக்கச் சொன்னார். ஒருத்தர் மட்டும் உள்ளே வரலாம், எதையும் தொடக்கூடாது என்றார். பெரியவர் ஒருவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "வேணாம்பா, வாங்க" என்று எல்லாரையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கும் சாயங்காலம் நான் பேப்பர் ரொப்பிய பையோடு பஜாரைச் சுற்றினேன்.

புரட்டாசி பிறந்ததும் ரிஷிவந்தியத்திலிருந்து போன் வருவது நின்றது. நான் போட்டாலும் எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதலாளி சொல்லியிருந்தபடி வழியில் நாலு பேருக்குக் காட்டுவதற்கென்று அதே பையையும் எடுத்துக்கொண்டு, நேரில் போனேன்.

மாப்பிள்ளையின் அம்மா வாசற்படியில் நின்றார். உள்ளே வா என்று சொல்லாததற்குக் கொரோனா என்று ஒரு நல்ல காரணம் இருந்தது. பூ வைத்த நாளிலிருந்து ஒருவரையொருவர் அண்ணி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அன்று அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

"முகூர்த்தப் பட்டு மாப்ள வூட்டுக்காரங்க எடுக்கணும். ரெண்டு வூடும் சேந்து போவணும். நீங்க பாட்டுக்குத் தனியா எடுக்கிறீங்கன்னா இன்னா அர்த்தம்? எங்க நாத்தனார் பஸ்ல பாத்தாங்க, என் தம்பி பஜார்ல பாத்தான். ஜாஸ்தி வசதியான எடமா பாத்துட்டீங்கன்னா சொல்லிட்டுச் செய்யலாமில்ல?"

முறைப்படி பெண் வீட்டார் முகூர்த்தப் பட்டைத் தனியாக எடுப்பதில்லை. ஜவுளி எடுக்க வந்த எத்தனையோ கல்யாணக் கூட்டத்துக்குச் சேலை காட்டிய எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் எனக்கு அது கடைச் சாமான். கத்தரிக்கோல் மாதிரி, முழக்கோல் மாதிரி. மற்றவர்கள் கண்ணுக்கு அது என்னவாகத் தெரியும் என்று யோசிக்கவே இல்லை.

"அய்யோ அண்ணி, அதுல ஒண்ணுமே இல்ல. கடையில எடுத்துக்கினு போவச் சொன்னாங்க. வெறும் பேப்பரு. இத பாருங்க" என்று பையை அங்கேயே பிரித்துக் கொட்டினேன்.

அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "சேலைய வூட்ல வெச்சிட்டுப் பேப்பர ரொப்பிக்கினு வந்திருக்கீங்க. வெறும் பைய எந்தக் கடைக்காரன் தூக்கிக்கினு போவச் சொல்லுவான்? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்."

பேப்பரைப் பொறுக்கிக்கொண்டு திரும்பினேன். மறுநாள் முதலாளியிடம் போய் நின்றேன். "ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க மொதலாளி. எம் பொண்ணு வாழ்க்கை" என்று அழுதேன்.

"நான் எப்பிடிச் சொல்றது? பஜாரே சிரிக்காதா? கொஞ்ச நாள் போவட்டும், தானா சரியாயிடும்" என்றார். அன்றைக்கு அவர் முகத்தில் காறித் துப்பியிருக்க வேண்டும். அதற்கும் முகக்கவசம் குறுக்கே இருந்தது, அதற்குள் என் பயமும் இருந்தது. கல்யாணத்துக்காக வேலையைக் காப்பாற்றப் போய்க் கல்யாணத்தைத் தொலைத்தாயிற்று. இனி வேலையையும் தொலைத்தால் சோறு? உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா என்று ஆகிவிடும். வாயை மூடிக்கொண்டு பட்டுப் பிரிவுக்குப் போனேன்.

மகள் அழவில்லை. "இன்னும் எத்தினி நாளைக்கும்மா தூக்கணும்?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பதில் அவள் அழுதிருக்கலாம்.

ஐப்பசியில் கூட்டம் வந்தது. தீபாவளி வந்தது, அறுவடைக் கூலி கொஞ்சம் கைக்கு வந்தது, எத்தனை நாள்தான் மனுஷர்கள் கிழிசலைக் கட்டிக்கொண்டிருப்பார்கள், அதனால் வந்தார்கள். முதலாளியோ எல்லாம் தன் மூளை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அப்படி ஒரு நாள் பகலில் வேன் ஒன்று வந்து நின்றது. ஜவுளிக் கூட்டம். அந்த வருஷம் எங்கள் கடைக்கு வந்த முதல் பெரிய கல்யாணக் கூட்டம் என்று முதலாளி வாசலுக்கே ஓடினார். முன்னால் இறங்கியது ரிஷிவந்தியத்து அம்மாள். பின்னால் இன்னொரு பெண் வீட்டார். புது மருமகளாகப் போகிறவள் தலைகுனிந்தபடி கடைசியாக வந்தாள். சின்னப் பெண். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மற்ற எல்லார்மேலும் வந்தது.

"ஏம்மா, நல்ல முகூர்த்தப் பட்டா எடுத்துப் போடு" என்று முதலாளி குரல் கொடுத்தார். அவருக்கு இவர்கள் யார் என்று தெரியாது. தெரிந்திருந்தாலும் அதே குரலில்தான் சொல்லியிருப்பார்.

எடுத்துப் போட்டேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் தெரிந்த முகம் என்ற அடையாளம்கூட இல்லை. சேலைகளை மட்டும் பார்த்தார். முதலாளியிடம், "நோவுக்குப் பயந்துக்கினு உள்ளூர்லயே எடுத்துடலாம்னுதான் இருந்தோம். எல்லாரும் இங்கதான் வராங்களாமே, பஸ்ஸுல பஜார்ல எங்க பாத்தாலும் உங்க பைதான். அதான் தைரியமா வந்தோம்" என்றார். முதலாளி என் பக்கம் திரும்பி, பார்த்தாயா என்பதுபோலக் கண்ணால் சிரித்தார்.

அரக்குச் சேலை ஒன்றை விரித்துத் தோளில் போட்டுக் காட்டச் சொன்னார்கள். போட்டுக் காட்டினேன். புதுப் பெண்ணின் அம்மா முந்தானையைத் தடவியபடி வெள்ளந்தியாகக் கேட்டாள்.

"ஒனக்குப் பொண்ணு இருக்குதாம்மா?"

"ஒருத்தி இருக்குதுங்க."

"கட்டிக் குடுத்துட்டியா?"

அப்போதுதான் ரிஷிவந்தியத்து அம்மாள் தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இல்லீங்க. வூட்லதான் இருக்குது. வேற எங்கயும் பாக்கவே இல்லீங்க" என்றேன். அவரைப் பார்த்தே சொன்னேன்.

சேலைமேல் இருந்த அவர் கை அப்படியே நின்றது. கொட்டிய பேப்பரும், தாம் சொன்ன சொல்லும் அவருக்கு நினைவு வந்திருக்கும். வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு நிமிஷம் ஏதோ சொல்லப் போகிறார் என்றுகூட நம்பினேன். நம்பிக்கை என்கிற சனியன் எனக்கும் இருந்தது.

அவர் கையை எடுத்துக்கொண்டார். "இதையே பில்லு போடச் சொல்லும்மா, நேரமாவுது" என்றார்.