கைராசிக்காரி

லேபில் அவளுக்கு வைத்த பெயர் கைராசி. முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த முதல் வருடம் முழுக்க அவள் வளர்த்த நுரையீரல் செல்கள் மகா சோம்பேறிகள்; ஒன்று இரண்டாக மூன்று நாள் பிடிக்கும். இரண்டாம் வருடக் கடைசியில் என்ன மாயமோ, கிடுகிடுவென்று பெருக ஆரம்பித்தன. "உன் கை பட்டாலே வளருதே!" என்று ஆளாளுக்குத் தங்கள் செல் வளர்க்கும் ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவளுக்கும் பெருமையில் தலைகால் புரியவில்லை. அந்தச் செல்களை நம்பி மேலும் நாலரை வருடம் ஓடாய் உழைத்தாள்.

தீசிஸ் கொடுக்க நாலு மாதம் இருந்தது. அவள் கட்டுரையை வெளியிடவிருந்த இதழ், செல்களின் வகையைச் சோதித்து அனுப்பச் சொன்னது. வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துத்தான் சோதனைக்கூடத்துக்கு மாதிரியை அனுப்பினாள். பதில் ஒரே வரியில் வந்தது. நுரையீரல் செல்கள் அல்ல, கல்லீரல் செல்கள்.

அந்த லேபில் கல்லீரல் செல் வளர்ப்பவர் ஒருவர்தான், அடுத்த மேசை சீனியர்; அவளுக்கு அண்ணன் மாதிரி, அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள்.

செல்களுக்கு ஊற்றும் சிவப்புத் தண்ணீர் அவரவருக்கு ஒரு பாட்டில். அடுத்தவர் பாட்டிலைத் தொடக்கூடாது என்பது சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுக்கும் பாடம். இரண்டாம் வருட நடுவில் ஒரு மத்தியானம், அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டதாகப் போன் வந்தது. ஓட வேண்டும், செல்களுக்கு ஊற்றிவிட்டும் ஓட வேண்டும், அவள் பாட்டிலோ காலி. அண்ணன் பாட்டிலை எடுத்து ஊற்றிவிட்டு ஓடினாள். அதில் தவறி விழுந்திருந்த ஒன்றிரண்டு கல்லீரல் செல்கள் வேகமாகப் பெருகி, அவளுடைய சோம்பேறிகளை நெருக்கித் தள்ளிவிட்டு ஃபிளாஸ்க்கையே பிடித்துக்கொண்டன. கைராசியாம், பெரிய கைராசி!

அவளுடைய ஆராய்ச்சி கைடு சோதனை அறிக்கையை இரண்டு தடவை படித்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"பழைய ஸ்டாக் ஏதாவது இருக்காம்மா?"

"உறைய வெச்சது ஒரே ஒரு குழாய் இருக்கு சார். லேபிள்ல மை அழிஞ்சிருக்கு. ரெண்டாவது வருஷம்னு மட்டும் தெரியுது."

"அது சுத்தமா இருந்தா எல்லாத்தையும் திரும்பப் பண்ண ஒரு வருஷம் கேட்டு வாங்கித் தரேன். இல்லன்னா உன் ஏழு வருஷக் கெடு முடிஞ்சிடும். அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

அண்ணன் பாட்டிலைத் தொட்ட நாளுக்கு முன்னால் உறைய வைத்ததா, பின்னால் வைத்ததா? மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டும் ஞாபகம் வரவில்லை. குழாயை உருக்கி ஃபிளாஸ்க்கில் விட்டாள். ஐந்து நாளில் ஃபிளாஸ்க்கின் தரை கால்வாசி நிறைந்தால் அவளுடைய சோம்பேறிகள். முழுக்க நிறைந்தால் மற்றவை.

அந்த ஐந்து நாளும் சோறு இறங்கவில்லை. கழிப்பறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வளராதே, வளராதே என்று வேண்டிக்கொண்டாள். வளரட்டும் என்று ஊரே ஃபிளாஸ்க்கைக் கொண்டுவந்து கொடுத்த கை அது.

ஐந்தாம் நாள் காலை மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். இடமே இல்லை. கல்யாணப் பந்தி மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அண்ணனும் குனிந்து பார்த்தார். அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

போன் அடித்தது. அம்மா. விழுந்த நாளிலிருந்து கோல் ஊன்றித்தான் நடக்கிறாள். செல் பிழைத்தால்தான் பட்டம் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். எந்த நாள், எந்தப் பாட்டில் என்று மகள் சொல்லவில்லை. சாகிற வரை சொல்லப்போவதும் இல்லை.

"என்னடி, உன் செல்லு பொழச்சுதா?"

"பொழச்சுதும்மா."

"நல்லா வளந்திருக்கா?"

"ரொம்ப நல்லா வளந்திருக்கும்மா."

"எனக்குத் தெரியும்டி! உன் கை அப்படி. பட்டம் வாங்கற அன்னிக்கு எத்தனை படி ஏறணும்னு கேட்டுச் சொல்லு. இப்பவே நடந்து பழகிக்கறேன்."

"கேட்டுச் சொல்றேன்மா" என்றாள் கைராசி.