எந்தத் தோள்?

நான் நீந்தப் பழகியது தலவாக்கலைப் பக்கம், எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே இருக்கும் நீர்த்தேக்கத்தில். அதில் இறங்கக் கூடாது என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் கண்டிப்பான உத்தரவு. அண்ணன் இறங்கினான், நானும் இறங்கினேன். தண்ணீர் அப்படிக் குளிரும். சும்மா நின்றால் கால் விறைத்துவிடும் என்பதால் நிற்காமல் நீந்தினேன். என் வேகம் அப்படித்தான் வந்திருக்க வேண்டும்.

என் நீச்சல் பயிற்சியாளர் என்னை முதலில் பார்த்ததும் அங்கேதான். கொழும்பில் வசித்த அவர் கோயில் திருவிழாவுக்காகத் தன் அக்கா வீட்டுக்கு வந்திருந்தார். கரையில் நின்று பார்த்துவிட்டு நேரே தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்தார். அம்மா அப்போதுதான் பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்திருந்தார்.

"நானும் லயத்துல பொறந்தவன்தாங்க. புள்ளய என்கிட்ட விடுங்க. சொந்த மக மாதிரி பாத்துக்குறேன்" என்றார்.

அப்பா தயங்கினார். அம்மாதான், "நம்மாளு ஒருத்தரு வந்து கூப்புடுறாரு. வேற யாரு நம்மள கூப்புடப் போறாங்க?" என்று சொல்லி என்னை அனுப்பி வைத்தார்.

கொழும்பு நீச்சல் தடாகத்தில் முதல் நாள் இறங்கியபோது, யாரோ சுடவைத்து ஊற்றியது போலிருந்தது. சிரித்துவிட்டேன். பக்கத்துப் பாதையில் நீந்திய சிங்களப் பிள்ளை ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து நாங்கள் தோழிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அவள் அப்பா செல்வாக்கானவர். நாங்கள் பயிற்சி செய்த தடாகமே அவர் பேசி எடுத்துக் கொடுத்ததுதான். எங்கள் இருவருக்கும் மார்பு நீச்சல். எப்போதும் நான் முன்னால் வருவேன், அவள் அடுத்து வருவாள். அதை வைத்து நாங்கள் ஒருநாளும் சண்டை போட்டதில்லை.

நாட்டுக்காக நீந்தத் தேர்வானபோது எனக்குப் பதினாறு வயது. முதுகில் நாட்டின் பெயர் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு எடுத்த படத்தை அம்மா தோட்டம் முழுக்கக் காட்டினாராம்.

வெளிநாட்டில் நடந்த அந்தப் போட்டியில் நான்கு பேர் நான்கு விதமாக நீந்தும் அஞ்சல் நீச்சலில் மார்பு நீச்சல் என்னுடையது; தோழி எனக்கு மாற்றாக வந்திருந்தாள். காலையில் தகுதிச் சுற்று. நாங்கள் 'சேர்' என்று கூப்பிடும் பயிற்சியாளர் என் தலையைத் தடவி, "காலையில நீ நல்லா நீந்திட்டீன்னா சாயந்திரத்துக்குப் பயமில்ல" என்றார். நீந்தினேன். என் வாழ்நாளில் அதற்கு முன் அவ்வளவு வேகமாக நீந்தியதில்லை. இறுதிக்குத் தகுதி பெற்றோம்.

மதியம் அறைக்குத் தோழி வந்தாள். கையில் தசைப்பிடிப்புக்கு ஒட்டும் நீல நாடா. கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல், "சேர் இதை உன் தோளில் ஒட்டச் சொன்னார்" என்றாள்.

"எதுக்கு? எனக்கு வலி ஒன்றுமில்லையே."

"இன்றைக்குச் சாயந்திரம் நான் நீந்துகிறேன். உனக்குத் தோள் வலி என்று சொல்லியாயிற்று."

முதலில் விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். எப்போது முடிவானது என்று கேட்டேன். புறப்படும் முன்பே, கொழும்பிலேயே, அவள் அப்பாவும் சேரும் பேசிவிட்டார்களாம். விமானத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கி வந்தவள் அவள்.

"எனக்கு நீயாவது சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னால் காலையில் நீ சரியாக நீந்த மாட்டாய் என்று சேர் சொன்னார்."

நாடாவை வாங்கிக் குப்பைக்கூடையில் போட்டேன். சேரிடம் போனேன். அவர் கோபப்படவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "நம்ம ஆளுங்களுக்கு இந்த எடம் கெடச்சதே பெருசு, புள்ள. சத்தம் போட்டு அதையும் கெடுத்துக்காத" என்றார், அன்பாக.

பார்வையாளர் பகுதியில் வெறும் தோளோடு உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாமிடம் வந்தோம். அந்தப் போட்டியின் விதிப்படி இறுதியில் நீந்திய நால்வருக்கு மட்டும் பதக்கம். தோழி மேடையிலிருந்து என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நான் கையை மடியிலேயே வைத்திருந்தேன்.

தோட்டத்தில் எல்லோரும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் கூடித் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார்கள். அம்மா தொலைபேசியில் அழுதுகொண்டே, "தோளு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"என் தோளுக்கு ஒண்ணுமில்லம்மா."

"டீவியில சொன்னாங்களே?"

"பொய்யிம்மா."

அம்மா அழுகையை நிறுத்தினார். பிறகு, "நீ வீட்டுக்கு வா" என்று மட்டும் சொன்னார்.

ஊர் திரும்பியதும் கோயில் முன்னால் எனக்கு வரவேற்பு வைத்தார்கள். அதற்குப் பயிற்சியாளரும் வந்தார். மாலை போட்டார்கள். ஒலிவாங்கியைப் பிடித்து, "தோள் வலியோட காலையில நாட்டுக்காக நீந்துன புள்ள" என்று ஆரம்பித்தார். கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் இருந்த அம்மா எழுந்தார்.

"எந்தத் தோளு, சேர்?"

அவர் காதில் விழாதவர் போலிருந்தார். அம்மா இன்னும் சத்தமாகக் கேட்டார்: "என் புள்ளைக்கு வலின்னீங்களே, வலதா எடதா?"

சேர் என்னைப் பார்த்தார். "அது... டாக்டர்தான்மா பாத்தாரு" என்றார்.

கோயில் கமிட்டித் தலைவர் அவசரமாக எழுந்து நாதஸ்வரக்காரருக்குச் சைகை காட்டினார். மேளம் தொடங்கிவிட்டது. பக்கத்து லயத்து மாமி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, "நல்ல நாளும் அதுவுமா பெரிய மனுசன அவமானப்படுத்தலாமா?" என்றார். சேர் செய்ததை எப்படியோ ஒரு மூலையில் ஒதுக்கி வைக்க முடிந்தது. பிறந்ததிலிருந்து என்னைத் தெரிந்தவர்கள் மேளத்தைக் கேட்டுக்கொண்டு நின்றதை இன்னும் ஒதுக்கி வைக்க முடியவில்லை.

அவரிடம் நான் திரும்பிப் போகவில்லை. ஒரு வருடம் தண்ணீரையே தொடவில்லை. பிறகு கண்டியில் ஒரு பயிற்சியாளர், ஒரு பெண், என்னைச் சேர்த்துக்கொண்டார். மறுபடி தேர்வானேன், தனிப் போட்டியில் இறுதிக்குப் போய் நான்காவதாக வந்தேன். பதக்கமில்லை. ஆனால் நீந்தியது நான்.

அந்தத் தனிப் போட்டி நாளன்று காலை தகுதிச் சுற்று முடிந்ததும் கண்டிப் பயிற்சியாளர் அக்கா ஓடி வந்து, "சாயந்திரம் நீ இறுதியில நீந்துற!" என்று கட்டிப்பிடித்தார். "நிச்சயமா நான்தானா?" என்று கேட்டேன். தனிப் போட்டியில் வேறு யார் நீந்த முடியும் என்று அவர் சிரித்தார். மதியம் திரும்பவும் கேட்டேன். தடாகத்துக்கு நடக்கும்போது இன்னொரு தடவை கேட்டேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, "என்மேல ஒனக்கு நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டார்.

அவர் மிக நல்லவர். நம்பிக்கை இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.