சொட்டு மருந்து நல்ல கண்ணுக்கு

பார்வை பழகாம மந்தமாப் போன சோம்பேறிக் கண்ணுக்கு மருந்தை நல்ல கண்ணுல ஊத்தச் சொல்ற தொழிலுங்க எங்களுது. கேக்கிறவங்க சிரிக்க மாட்டாங்களா? தொண்ணூறுகளின் கடைசியில தேயிலைத் தோட்டம் சூழ்ந்த ஹட்டன் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில கண் கிளினிக் நர்ஸா இருந்தேன். சொட்டு போட்டா பாவை விரிஞ்சு, நல்ல கண்ணு கிட்டத்துல மங்கும். வேற வழியில்லாம சோம்பேறிக் கண்ணு வேலை செய்யும். வீட்டுல பிள்ளைகளுக்குச் சொட்டு ஊத்தி அல்லாடினவங்களுக்கு என் பாடு புரியும்.

ஒரு மாசம் போச்சு

பொகவந்தலாவையிலிருந்து லெச்சுமி அக்கா, பதிமூணு வயசு மக விஜயாவைக் கூட்டிட்டு வந்தாங்க. எடது கண்ணு சோம்பல்; அதுல மொகம்கூட மங்கலாத்தான் தெரியும். "வயசு ஏறிப்போச்சு, இப்ப விட்டா பார்வை வராது"ன்னு டாக்டர் சொல்லிட்டார். வலது கண்ணுல சொட்டு, சாயந்தரம் தேத்தூளைத் தட்டுல கொட்டி குச்சி பொறுக்குற பயிற்சின்னு படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த மாசம் பாத்தா, எடது கண்ணுப் பாவை விரிஞ்சு கெடக்கு! ஐயோன்னு தலையில கைய வச்சேன். லெச்சுமி அக்கா அலட்டிக்கவே இல்ல. "நோவு இந்தக் கண்ணுல, மருந்து அந்தக் கண்ணுலயா? நீங்க அசதியில மாத்திச் சொல்லிட்டீங்கன்னு நானே திருத்திக்கிட்டேன் மிஸ்."

சாரத்தை மடிச்சுக் கட்டி வந்தவர்

மறுபடி ஆரம்பிச்சோம். கொஞ்ச நாள்லயே விஜயாவோட அப்பா வேலைக்குப் போகாம கிளினிக் வாசல்ல வந்து நிக்கிறார். பிள்ளைக்கு வெயில்ல கண்ணு கூசுதாம், புத்தகம் தெரியலையாம்.

"அண்ணே, சொட்டை நிப்பாட்டினா ரெண்டு வாரத்துல இந்த மங்கல் தெளிஞ்சிடும். ஆனா இப்பவே நிப்பாட்டினா எடது கண்ணு போனது போனதுதான்"னு கெஞ்சினேன். அவர் மொறைச்சார். "ஒத்தக் கண்ணாவது இருக்கேன்னு கெடந்தோம். அதுவும் போச்சுன்னா நீங்களா மிஸ் அவளக் கட்டிக் குடுப்பீங்க?"

வலது கண்ணை மூடி

அடுத்த கிளினிக் நாள். காலை பஸ் வர்ற நேரமும் தாண்டிச்சு, அவங்க வரல. சொட்டை நிப்பாட்டிட்டாங்கன்னே முடிவு கட்டி, சோறு எறங்காம உக்காந்திருந்தேன். பகல் தாண்டித் தாயும் மகளும் தொப்பலா நனைஞ்சு வந்தாங்க. மண்ணு சரிஞ்சு பஸ் நின்னுடுச்சாம், மீதி வழி நடந்தே வந்தாங்களாம்.

சொட்டு ஊத்தினீங்களான்னு கேக்கவே பயம். விஜயாவோட வலது கண்ணை நானே பொத்தினேன். அவ எழுத்து அட்டையப் பாக்கல. பக்கத்துல நின்ன அம்மா மொகத்தையே உத்துப் பாத்தா. "அம்மா, ஒங்க மூக்குத்தியில கல்லக் காணோம்!" லெச்சுமி அக்கா மூக்கைத் தடவிக்கிட்டே, "ஒரு நாள்கூட சொட்டை விடல மிஸ்"ன்னாங்க.

மருந்து வேலை செய்யும்னு ஊருக்கெல்லாம் அடிச்சுச் சொல்லிட்டு, கடைசியா நம்பினவ நான்தானுங்க.