வெர்லீனின் முதல் இசைத்தட்டு

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் வெர்லீன் டிப்ஸ் என்றால் சலவைக்கூடத்தில் சட்டை தேய்க்கும் வெர்லீன்தான். ஞாயிறு வந்தால் கிறிஸ்தவ சபையில் பாடுவாள். அவளுக்கென்று பாட்டு எழுதியது அதே சபையைச் சேர்ந்த புருஷனும் பெண்டாட்டியும். மெட்டு, முடிவெட்டும் லூஷியஸுடையது; வரிகள் அவர் மனைவி ஆர்ஸெல்லாவுடையவை. வரிக்கு வரி சண்டை போட்டு எழுதியிருந்தார்கள். விட்டுப் போனவனைத் திரும்பி வரச் சொல்லாத ஒருத்தியின் பாட்டு அது.

ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்தப் பாட்டு ஏறவே மறுத்தது. ஒவ்வொரு வரி முடிவிலும் வெர்லீன் நின்றாள். தாளம் அவளை விட்டுவிட்டு ஓடியது.

"ஏம்மா, வரி மறந்துபோச்சா?" கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து கேட்டார் கூடத்தின் சொந்தக்காரர் டப்.

"இல்லீங்களே."

"பின்ன யாருக்காகக் காத்துக்கிட்டு நிக்கிற? இன்னிக்கு அமையலேன்னா பாட்டை வேற பொண்ணுக்குக் குடுத்துடுவேன். அவ நாளைக்கே வந்துடுவா."

வெர்லீன் இந்தப் பாட்டைச் சட்டை தேய்க்கும்போதெல்லாம் முணுமுணுத்துத் தன்னுடையதாக்கிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி வாயில் அதைக் கேட்க அவளால் முடியாது.

டப்புக்குப் பக்கத்தில் லூஷியஸோடு உட்கார்ந்திருந்த ஆர்ஸெல்லாதான் காரணத்தைக் கண்டுபிடித்தாள். "அவ யாராச்சும் பதில் சொல்வாங்கன்னு பாக்குறா. சபையில ஒரு வரி விட்டா 'ஆமென்', 'சொல்லும்மா'ன்னு பெஞ்செல்லாம் கத்தும். அதுமேல கால வச்சுத்தான் அடுத்த வரிக்கு ஏறுவா. உங்க சுவரு ஆமென் சொல்லுமா? நான் உள்ள போய் அவ எதிர்ல உக்கார்றேன்."

"மைக்கு எல்லாத்தையும் புடிச்சுடும். மூச்சு விடக் கூடாது," என்றார் டப்.

"இவளா?" லூஷியஸ் சிரித்தார். "கல்யாணமானதுலேருந்து நான் அப்படிப் பாத்ததில்லீங்க."

"நீ உன் சீப்பப் பாரு," என்றுவிட்டு ஆர்ஸெல்லா உள்ளே போனாள்.

கையால் வாயைப் பொத்தி, தலையை மட்டும் ஆட்டினாள். வெர்லீனுக்கு அது போதும். முதல் சரணம் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவதில், 'கதவை நான் சாத்தலே, காத்துதான் சாத்திச்சு' என்ற தன் வரியையே கேட்டு ஆர்ஸெல்லாவின் கை விலகியது.

"சொல்லும்மா!"

வெர்லீன் திடுக்கிடவில்லை. குரல் ஒரு படி மேலே போய் அங்கேயே நின்று பாடியது. நிறுத்த எழுந்த டப், அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னொரு தடவை பாடட்டுங்களா?" முடிந்ததும் அவள் கேட்டாள்.

"வேணாம். இதுதான். பாட்டு உன்னோடது."

வெளியே வந்து மூவரும் பொரித்த மீன் வாங்கித் தின்றார்கள். அடுத்த பாட்டில் தன் வரிகளுக்கு நிறைய இடம் வேண்டுமென்று ஆர்ஸெல்லா லூஷியஸோடு சண்டையைத் தொடங்கியிருந்தாள். வெர்லீன் விரல்களை நக்கியபடி இருவருக்கும் தலையாட்டினாள். பின்னால் வெளிவந்த இசைத்தட்டு மெம்ஃபிஸைத் தாண்டி அதிகம் போகவில்லை. அதைப் பற்றி அவள் குறைபட்டு யாரும் கேட்டதுமில்லை.