ஏழு மணிக்குள் லாரி

காலை மணி ஐந்து பத்து. முதலில் கண்ணில் பட்டது தீ. பனிக்குள் முகப்பைத் திறந்துபோட்டு ஒரு லாரி நின்றது. டிரைவர் கம்பி நுனியில் டீசல் துணியைச் சுற்றிக் கொளுத்தி, என்ஜின் காற்று இழுக்கும் குழாயின் வாயில் பிடித்துக்கொண்டிருந்தார். லாரி நிறைய நெல் மூட்டை. பத்தடியில் வைக்கோல் போர்.

"காத்து சூடா உள்ள போனா ஒருவேளை எடுக்கும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்" என்றார்.

டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருகியவர் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர். அந்த லாரி நகரக் கூடாது என்று நான்கு நாள் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். செல்ஃப் ஸ்டார்ட்டர் இரண்டு முறை முனகியது. மூன்றாம் முறை முனகவும் இல்லை.

ஊர் நன்னிலத்துக்குப் பக்கம். அறுபத்தேழில் ஆட்சி மாறியபின் வந்த இரண்டாவது சம்பா அறுவடை. ஆட்கள் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுத்து, நெல்லை லாரியில் ஏற்றினார். உள்ளூர்க்காரர்கள் லாரியைக் களத்திலேயே மறித்தார்கள். ஐந்தாம் நாள் மாலை தாசில்தார் முன்னிலையில் உடன்பாடு ஏற்பட்டது. கூலி உயரும். மறுநாள் காலை ஏழு மணிக்குள் லாரி மெயின் ரோட்டுக்கு வந்துவிட்டால், செயலாளர் உட்படப் பதினோரு பேர் மேல் இருந்த வழக்கு கைவிடப்படும். வராவிட்டால் மறியல் தொடர்வதாகக் கொண்டு பதினோரு பேரையும் கைது செய்வார்கள். ரோட்டில் சப் இன்ஸ்பெக்டர் வேனோடு நிற்பார்.

நான் அப்போது ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். மாலையே திருவாரூர் போய் டிரங்க் கால் போட்டுச் செய்தியைச் சொல்லிவிட்டேன். பத்திரிகை விடியலில்தான் கடைக்கு வரும் என்பதால், "லாரி இன்று காலை ஆறு மணிக்கு மெயின் ரோட்டை அடைந்தது" என்று முடித்திருந்தேன். நடக்கப்போவதை நடந்ததாகச் சொல்வது எங்கள் தொழிலில் வழக்கம். அது நடக்கிறதா என்று பார்க்க சைக்கிளில் வந்திருந்தேன்.

தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். என்ஜின் எண்ணெயையும் அது விடுவதில்லை. பழைய வண்டி, பாட்டரி அதைவிடப் பழையது. இந்த மாதங்களில் டிரைவர் எந்த ஊருக்குப் போனாலும் ஆற்றங்கரை இறக்கத்தில், மூக்கு கீழே பார்க்கும்படி நிறுத்துவார். காலையில் சக்கரத்துக்கு அடியிலிருக்கும் கல்லை எடுத்தால் வண்டி உருளும். கிளச்சை விட்டால் கிளம்பும். மறித்தவர்களுக்கு இது தெரியாது. களத்தின் நடுவில், அந்த ஊரிலேயே மட்டமான இடத்தில் மறித்திருந்தார்கள்.

"கரையில வச்சு மறிச்சிருந்தீங்கன்னா நான் இந்நேரம் திருவாரூர்ல டீ குடிச்சிருப்பேன்" என்றார் டிரைவர்.

"அடுத்த தடவ உங்களக் கேட்டுட்டே மறிக்கிறோம்ண்ணே" என்றார் செயலாளர்.

ஐந்தே முக்காலுக்கு மிராசுதாரின் காரியஸ்தர் மப்ளர் சுற்றிக்கொண்டு வந்தார். டிராக்டரைக் கொடுத்தால் இழுத்துவிடலாம் என்று டிரைவர் கேட்டார்.

"ரிப்பேரா இருக்கு. மறிச்சது அவங்க. கிளப்ப வேண்டியதும் அவங்கதான்" என்றார் காரியஸ்தர். பிறகு கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். முந்திய நாள் மாலை அந்த டிராக்டர் ஓடியதை நான் பார்த்திருந்தேன்.

நாற்பது பேர் தள்ளினார்கள். வண்டி நகர்ந்தது. டிரைவர் கிளச்சை விட்டதும் பின்சக்கரங்கள் சுழலாமல், சாணம் மெழுகிய ஈரத் தரையில் இரண்டு கோடு போட்டுக்கொண்டு வழுக்கி நின்றன. தள்ளியவர்களில் ஆறேழு பேர் விழுந்தார்கள். மணி ஆறு ஐந்து.

"என்ஜின் கல்லாட்டம் இருக்கு. சுடுதண்ணி வேணும். நெறைய வேணும்" என்றார் டிரைவர்.

களத்தை ஒட்டிய தெருவில் செயலாளரின் மனைவி அண்டாவில் நெல் அவித்துக்கொண்டிருந்தார். உடன்பாட்டின்படி கைக்கு வந்த முதல் கூலி நெல். செயலாளர் ஏற்கெனவே ஒரு முறை சிறைக்குப் போய்வந்தவர். அவர் உள்ளே இருந்தபோது பிறந்த குழந்தை அம்மாவின் இடுப்பில் இருந்தது.

"நாலு நாளா வண்டிய வுடமாட்டேன்னு குந்தியிருந்தீங்க. இப்ப அதக் குளிப்பாட்டி வுடணுமாக்கும்" என்றார் அவர் கணவரிடம். பிறகு டிரைவர் பக்கம் திரும்பினார். "மோந்துக்குங்க டிரைவரண்ணே. நெல்லு உள்ள போயிடாம பாத்துக்குங்க."

டிரைவர் ரேடியேட்டரிலிருந்த சில்லிட்ட தண்ணீரைத் திறந்துவிட்டார். நெல் அவித்த தண்ணீரைத் துண்டில் வடிகட்டி, குடம் குடமாக ஊற்றினார். எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் இரண்டு சட்டி தணல் வைத்தார்கள். செயலாளரின் மனைவி அடுப்புச் சாம்பலை அள்ளிவந்து லாரிக்கு முன்னும் பின்னும் கொட்டினார்.

"இதுல காலை ஊனித் தள்ளுங்க. ஜெயிலுக்குச் சோறு கட்டிட்டு வர எனக்கு நேரமில்ல."

எண்ணெய் இளகட்டும் என்று கால் மணி நேரம் காத்திருந்தார்கள். காரியஸ்தர் இரண்டு முறை மணி சொன்னார், யாரும் கேட்கவில்லை.

ஆறு முப்பத்தெட்டுக்கு மறுபடி தள்ளினார்கள். நானும் தள்ளினேன்; செய்தியில் அதைச் சேர்க்க வழியில்லை. இம்முறை சக்கரம் வழுக்கவில்லை. என்ஜினில் ஒரு சிலிண்டர் பிடித்துக்கொண்டது. பிறகு இரண்டு. வெள்ளைப் புகை களத்தை மூடியது. அது விலகியபோது லாரி ஓடிக்கொண்டிருந்தது. காரியஸ்தரைக் காணவில்லை. அவர் சைக்கிளில் முன்னால் போய்விட்டார்.

மெயின் ரோடு ஒன்றரை மைல். வாய்க்கால் கரையில் டிரைவர் வண்டியை நடக்கிற வேகத்தில்தான் விட்டார். செயலாளரும் நானும் அவர் பக்கத்தில் இருந்தோம். வழியெல்லாம் என்ஜினிலிருந்து அவித்த நெல் வாசனை வந்தது. செயலாளர் என் கடிகாரத்தை மூன்று முறை கேட்டுப் பார்த்தார். நான்காம் முறை கேட்கவில்லை.

ரோட்டில் ஏறும்போது மணி ஏழு பன்னிரண்டு. டீக்கடை வாசலில் சப் இன்ஸ்பெக்டர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் காரியஸ்தர்.

"வண்டிய ஆஃப் பண்ணுய்யா" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

"ஆஃப் பண்ணினா நீங்கதான் சார் தள்ளணும்" என்றார் டிரைவர்.

"ஏழு பன்னெண்டு சார்" என்று காரியஸ்தர் கடிகாரத்தை நீட்டினார்.

சப் இன்ஸ்பெக்டர் அதைப் பார்க்காமல் பத்திரிகையை மடித்தார். "பேப்பர்ல ஆறுன்னு போட்டிருக்கு." என்னிடம் திரும்பினார். "இது நீங்க குடுத்ததா?"

"ஆமாம்" என்றேன்.

அவர் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, காலை ஆறு மணி என்று எழுதினார். வேன் காலியாகத் திரும்பியது.