மூன்று முறை தட்டிய கீதா அக்கா

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். லப்பைக்குடிக்காட்டில் கீதா அக்காவைத் தெரிந்த எல்லோரும் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். என் வீட்டார் கோபித்துக்கொண்டாலும் ஒன்றையும் மறைக்க மாட்டேன்.

செய்தி எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ‘நம்ம போஸ்ட் கீதா, சுண்ணாம்புக்கல் லாரி மோதி மவுத்.’ அந்தச் சாவுச் செய்தியை நான் இரண்டாம் முறை படிப்பதற்குள் கீழே அடுத்த வரி வந்துவிட்டது: ‘அப்ப என் மவன் பாஸ்போர்ட்ட யாரு கொண்டாருவா?’

மூன்று ஆண்டுகளுக்கு முன் குரும்பலூரிலிருந்து எங்கள் ஊருக்குத் தபால் கொடுக்க வந்தவர் அவர். முதல் வாரமே, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஆண்கள் வெளியே வரும் நேரத்தில், பள்ளிவாசல் முன்னால் ஸ்கூட்டியை நிறுத்தி, “மும்தாஜ் பேகம் வூடு எதுங்க?” என்று உரக்கக் கேட்டுவிட்டார். மும்தாஜ் பேகம் என் பெரியம்மா. கீதா அக்கா வீடு வந்து சேர்ந்ததும், கதவுக்குப் பின்னால் நின்றபடியே பொரிந்து தள்ளினார். “பொம்பள பேர நடுத்தெருவுல ஏலம் போடுறியா?” மறுநாள் கீதா அக்கா என் அம்மாவிடம் வந்து, “என்னென்ன செய்யக் கூடாதுன்னு சொல்லிடுங்கக்கா. நான் ஊருக்குப் புதுசுதான், கெட்டவ இல்ல” என்றார்.

அதன்பின் எந்தப் பெண்ணின் பெயரும் தெருவில் அவர் வாயிலிருந்து வரவில்லை. உள்ளே பார்வை போகாதபடி கதவுக்கு ஓரமாக நின்று மூன்று முறை தட்டுவார். யாரும் வராவிட்டால் திரும்பிவிடுவார். “நாலாவது தட்டு தட்டுனா ஒங்க பெரியம்மா என்னையே ஏலம் போட்டுடுவாங்க பாப்பா” என்று சிரிப்பார். நோன்பு மாதத்தில் ஊர் எல்லையைத் தாண்டிப் போய்த் தண்ணீர் குடித்ததை நானே பார்த்திருக்கிறேன். “ஒங்க முன்னாடி குடிச்சா தொண்டையில எறங்காது” என்றார்.

சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது, அக்கம்பக்கத்தார் சமைத்துத் தர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதனால் அடக்கம் முடிந்த மறுநாள் பெரியம்மா, அம்மா, நான் மூவரும் ஒரு சட்டி கோழி பிரியாணியோடு குரும்பலூருக்கு வேனில் போனோம். மூடியைத் திறந்ததும் கீதா அக்காவின் நாத்தனார் பின்வாங்கினார். “தீட்டு வூட்டுக்குக் கறியா? பதினாறு முடியாம இங்க கவிச்சி உண்டா?”

கீதா அக்காவின் கணவர் எழுந்து வந்தார். “வுடு. அது அவங்க முறை. கீதா சொல்லியிருக்கா.” பிறகு அம்மாவிடம், “பதினாறாம் நாள் காரியத்துக்கு அவசியம் வாங்கக்கா” என்றார்.

எங்கள் வழக்கம் அந்த வீடு வரை போயிருக்கிறது. அவர்களுடைய வழக்கம் ஒன்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. நாங்கள் கேட்டதில்லை. நூலகப் புத்தகங்களை அடுக்கிவைத்துப் படிக்கும் நானும் கேட்டதில்லை.

திரும்பும் வழியில் பெரியம்மா, “நல்ல புள்ள. நம்ம வழக்கத்த எவ்ளோ மதிச்சுது!” என்றார்.

“நாம அவங்களோடத மதிச்சோமா?” என்று கேட்டேன்.

“நாம என்னடி மதிக்கிறது? அவதானே நம்ம ஊருக்கு வந்தா?”

அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு எரிகிறது.

‘காரியத்துக்கெல்லாம் நாம போறதில்ல’ என்று பெரியம்மா முடித்துவிட்டார். இரண்டு நாள் சாப்பிடாமல் சண்டை போட்டேன். கடைசியில் அம்மா மட்டும் என்னோடு கிளம்பினார். பள்ளி விட்டதும் பழங்கள் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். இந்த முறை தவறு செய்யவில்லை என்று எனக்குள் பெருமை வேறு.

போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. கதவு சாத்தியிருந்தது. ஓரமாக நின்று மூன்று முறை தட்டினேன். யாரும் வரவில்லை. பந்தல் பிரித்துக்கொண்டிருந்தவர், “காரியம் காலையிலயே முடிஞ்சிடுச்சேம்மா. எல்லாரும் கோயிலுக்குப் போயிருக்காங்க” என்றார்.

எத்தனை மணிக்கு என்று கேட்க எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

கீதா அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மூன்று தட்டுகள்தான். நான்காவது தட்ட என் கை எழவில்லை. பழப்பையை வாசலில் வைத்தேன். பந்தல்காரர் கடைசி ட்யூப்லைட்டையும் அணைத்துவிட்டார்.