நாற்பத்தொன்றாம் எண் பாதம்

கத்தியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால்தான் ரப்பர் அதைப் பிடித்துக்கொள்ளாது. வலது கை கத்தியை அசைக்காமல் அழுத்தியிருந்தது. இடது கைதான் ரப்பர் ஷீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்தது. குதிகாலின் வட்டம் முடிந்து, நடுப்பாதத்தின் குழிவைத் தாண்டி, பெருவிரலுக்குக் கீழே பாதம் அகலும் இடத்துக்கு வந்ததும் இரண்டு கைகளும் நின்றன. பிறகு கத்தி மறுபடியும் தண்ணீருக்குள் போய் வந்தது.

பக்கத்தில் ஒரு தாளில் பென்சிலால் வரைந்த பாதம். மூலையில் 41 என்ற எண், அதற்குக் கீழே ஒரு மஞ்சள் புள்ளி. பெயர் இல்லை. பெயர் இருக்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. ஆனால் இரண்டாம் விரல் பெருவிரலின் மேல் ஏறிக் கிடக்கும், சுண்டுவிரல் இருந்த இடம் வெறுமையாக இருக்கும் அந்தப் பாதத்தை சைனப் கல்யாணமான நாள் முதல் பார்த்து வருகிறாள். அவளுடைய கணவன் சிராஜின் அக்கா ஆஸியாவின் கால் அது. அந்த நேரத்தில் அது கீழே, பட்டறைக்கு ஏறும் இரும்பு ஏணியின் அடியில் போட்ட கட்டிலிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

எருவாடியிலிருந்து தாராவிக்கு வந்தபோது சைனப்புக்குத் தெரிந்ததெல்லாம் கைத்தையல் மட்டும். சிராஜ் பெல்ட்டும் பர்ஸும் செய்து கொண்டிருந்தான். ஆர்டர் குறைந்துபோன ஒரு வருடம், கால் மரத்துப்போன நோயாளி ஒருவருடைய செருப்பை ஒட்டித் தரச் சொல்லி ஒரு டாக்டர் அனுப்பியிருந்தார். ஒட்டுவதற்கு முன்னால் சைனப் அதை முழுக்கப் பிரித்துப் பார்த்தாள். எந்த அடுக்கு எதற்காக என்று விளங்கும்வரை வீட்டிலிருந்த பழைய செருப்புகளை எல்லாம் அறுத்து ஒட்டினாள். சொல்லித் தர யாரும் இல்லை; கெட்டுப்போன சோடிகள்தான் சொல்லித் தந்தன. சில வருடங்களில், சர்க்கரையால் கால் மரத்தவர்களுக்குச் செருப்பு என்றால் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் டாக்டர்கள் அவளுடைய பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆராய்ச்சித் துறை அவளைத் தேடி வந்தது அப்படித்தான். எந்தச் செருப்பில் காலுக்குப் புண் குறைவாக வருகிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி. அதற்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு, எல்லா ஆஸ்பத்திரிகளிலும் கொடுக்கிற ஒரே அடுக்கு ரப்பர் வைத்த செருப்பு. அதற்கு மஞ்சள் புள்ளி. மற்றவர்களுக்குத் துறை புதிதாக யோசித்த மூன்றடுக்கு. அதற்கு நீலப் புள்ளி. மேலுறையும் வாரும் ஒன்றுபோலவே இருக்க வேண்டும். எது எந்த வகை என்று போடுகிறவருக்கும் தெரியக் கூடாது, காலைப் பார்க்கிற டாக்டருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும், முடிவை நம்ப முடியாது. செய்கிற சைனப்புக்கும் துறையிலிருந்து தாள்களை அனுப்புகிற பத்மஜாவுக்கும் மட்டும்தான் வகை தெரியும். யாரிடமும் சொல்வதில்லை என்று சைனப் எழுதிக் கொடுத்திருந்தாள். வேலையில் இருந்த அந்தக் கண்டிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது.

முதல் கட்டுத் தாள்களில் 41ஐப் பார்த்ததுமே, அது யாருடைய கால் என்று பத்மஜாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஆஸியாவை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுவார்கள். மாதத்துக்கு ஒருமுறை துறையின் கிளினிக்குக்குப் போய் வருவதுதான் ஆஸியாவுக்கு இருந்த ஒரே வெளிநடமாட்டம். அன்று மட்டும் நல்ல புடவை பெட்டியிலிருந்து வெளியே வரும். மாதவ் என்று ஓர் இளம் டாக்டர் "ஆஸியா ஜி" என்று கூப்பிட்டு, அவளுடைய காலைத் தன் முழங்கால்மேல் தூக்கி வைத்துப் பார்ப்பான். புருஷன் இறந்த பிறகு அவள் காலுக்கு அப்படி ஒரு மரியாதை எங்கும் கிடைத்ததில்லை. அதனால் சைனப் சொல்லவில்லை. ஒரு வருடம்தானே, முடிந்ததும் நாமே நல்லதாக ஒரு சோடி செய்து கொடுத்துவிடலாம் என்று இருந்துவிட்டாள்.

அந்த ஒரு வருடம் முடியவில்லை. டிசம்பர் கடைசியில் துறையின் ஆண்டிறுதிக் கூட்டத்துக்கு அவளையும் கூப்பிட்டிருந்தார்கள். துறைத் தலைவர் வெங்கடராமன் மாட்டுங்காக்காரர். திரையில் ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னார். பாதத்தின் எந்த இடத்தில் எவ்வளவு எடை விழுகிறது என்று அளக்கும் இயந்திரம் வந்துவிட்டது. மாதவ் ஒரு வருடப் பயிற்சிக்கு வெளிநாடு போகிறான். செருப்பு ஆராய்ச்சிக்கு இன்னொரு வருடம் பணம் கிடைத்திருக்கிறது. எல்லோருக்கும் புதுச் சோடி, அவரவருக்குப் பழைய வகையே. அடுத்த வருடம் துறைக்குள்ளேயே செருப்புப் பிரிவு ஒன்று தொடங்கும். அதற்காக சைனப்பைச் சென்னையில் ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்புகிறோம், திரும்பி வந்ததும் மாதச் சம்பளத்தில் வேலை என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். சைனப் எழுந்து நிற்பதா உட்கார்வதா என்று தெரியாமல் பாதி எழுந்து உட்கார்ந்தாள்.

சமோசா தட்டோடு நின்றிருந்த வெங்கடராமனிடம் போனாள்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? புது மாதிரி போட்டவங்களுக்குப் புண்ணு கம்மியா வருதா?"

"அது தெரிஞ்சா நான் எதுக்கும்மா இன்னொரு வருஷம் கேட்டு வாங்கறேன்?" என்று சிரித்தார் அவர். "கையால தொட்டா மெத்துனுதான் இருக்கு. மெத்துனு இருந்தா நல்லதுன்னு சொல்லிட முடியுமோ? எங்காத்து சோபாவும் மெத்துனுதான் இருக்கு, என் முதுகு போயிடுத்து."

"அப்ப அதே ஆளுக்கு அதே மாதிரிதானா சார்?"

"அதே ஆள், அதே மாதிரி. ஒரு நூல் மாறினாலும் போச்சு. அதனாலதான் உங்களை விடாம பிடிச்சு வெச்சிருக்கேன்."

கூட்டத்தில் கொடுத்த ஆண்டு மலரில் சைனப்பின் படம் இருந்தது. சிராஜ் அதைச் சந்து முழுக்கக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தான். இங்கிலீஷில் இருந்ததால் யாரும் படிக்கவில்லை.

"இந்தச் சந்துல போட்டோவோட பேரு வந்தவன் இதுக்கு முந்தி ஒருத்தன்தான். அவன் இன்னும் உள்ளதான் இருக்கான்," என்றான்.

"பேச்சு போதும். ரப்பர மேல ஏத்துங்க," என்றாள் சைனப்.

கட்டிலில் இருந்து ஆஸியா குரல் கொடுத்தாள். "ஏ சைனபு, நீ சென்னைக்குப் போயிட்டன்னா எனக்கு யாருளா சோறு பொங்குவா? இவன் போடுத டீயக் குடிச்சா சர்க்கரை பயந்துபோயி தானா எறங்கிரும்."

சிராஜ் ரப்பர்க் கட்டோடு ஏணியில் ஏறிப் போனான். சைனப் அப்போதுதான் கவனித்தாள். ஆஸியா இரண்டு பாதங்களிலும் மருதாணி அப்பி, பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பெருநாளும் இல்ல, கல்யாணமும் இல்ல. எதுக்கு மைனி மருதாணி?"

"புது வருசம்லா. வெள்ளிக்கிழமை கிளினிக்குக்குப் போவணும். கெழவின்னா ஆசை இருக்கப்படாதா?"

ஆஸியாவின் கைகள் வெறுமையாக இருந்தன. ஒரு விரல் நுனியில்கூட மருதாணி இல்லை. உள்ளங்கால்களில் மட்டும்தான்.

சைனப் கட்டில் அருகே தரையில் உட்கார்ந்தாள். பையை அவிழ்த்து, ஈரத்துணியால் வலது பாதத்தைத் துடைத்தாள். நல்ல சிவப்பாகப் பிடித்திருந்தது; அதற்கு அடியில் தோல் சிவந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கையை வைத்துப் பார்த்தாள். பாதம் முழுக்கக் குளிர்ந்திருந்தது. பெருவிரலுக்குக் கீழே மட்டும் சுட்டது. கட்டைவிரலால் அழுத்தினாள். தோலுக்கு அடியில் கொழகொழவென்று இருந்தது.

"வலிக்கா மைனி?"

"நீ தொடுதியா?"

சைனப் கையை எடுக்கவில்லை. "எத்தன நாளா இது?"

"மெல்லப் பேசு, சிராஜுக்குக் கேக்கும்." ஆஸியா மேலே ஏணியைப் பார்த்துக்கொண்டாள். "நம்ம ஜம்பு இருக்காம்லா, இட்லிக்கட ஜம்பு. என்கூடதான் கிளினிக்குக்கு வந்துட்டிருந்தான். புண்ணுன்னு வாயத் தொறந்து சொன்னான். செருப்பப் பிடுங்கிட்டு, காலத் தூக்கிக் கட்டி வீட்டுல போட்டுட்டாங்க. கக்கூஸுக்குப் போறதுன்னாலும் மவன் தோளப் பிடிச்சிட்டுப் போறான். எனக்கு யாரு தோளு இருக்கு, சொல்லு."

"அந்த ஆராய்ச்சிய விட்டு வந்திருங்க. நான் வேற செஞ்சு தாரேன், நல்லதா."

ஆஸியா நிமிர்ந்து பார்த்தாள். "இப்பவும் நீ செஞ்சதத்தானளா போடுதேன். இதுல என்ன கொற வச்ச?"

சைனப்பிடம் பதில் இருந்தது. அதைச் சொல்வதில்லை என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தாள். "கொற ஒண்ணும் வைக்கல," என்றாள். அதுவும் உண்மைதான்.

"அப்ப வாய வச்சிட்டுச் சும்மா இரு. டாக்டர்ட்ட நீ போயிச் சொன்னன்னு தெரிஞ்சுது, அல்லா மேல ஆணை, உன் கையால ஒரு வா தண்ணி குடிக்க மாட்டேன்."

மேலே போனபோது பட்டறையில் ஒட்டுகிற சொல்யூஷனின் வாடை தலைக்கு ஏறியது. 41ஆம் சோடி வெட்டி வைத்தபடி கிடந்தது. மூன்றடுக்குக்கான மென்மையான ஷீட் கைக்கு எட்டும் தூரத்தில், சுருட்டியபடி சுவரில் சாய்ந்திருந்தது. அதை எடுத்து உள்ளே வைத்து மேலுறையை ஒட்டிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. அவள் அதன்மேல் கை வைத்தாள். ஒரு காலுக்கு மாற்றிவிட்டால், ஒரு வருடமாக இந்தச் செருப்புகளைப் போட்டு நடந்த மற்ற எல்லோருடைய நடையும் வீண். மாற்றினாலும் அந்தச் சூடு ஆறுமா என்பது வெங்கடராமனுக்கே தெரியாதபோது அவளுக்கு எப்படித் தெரியும்? சொல்லாமல் இருந்தால் தோல் உடையும். சொன்னால் ஆஸியா கட்டிலோடு போவாள். தன் சென்னையும் போகும். அவள் எந்தப் பக்கம் யோசித்தாலும் கடைசியில் அந்த ஏணிக்கடியில்தான் வந்து நின்றாள்.

மஞ்சள் புள்ளிக்கு உரிய ஒற்றை அடுக்கையே ஒட்டினாள். ஓரங்களைச் சக்கரத்தில் பிடித்து விரல் நுனிக்கு ஒன்றும் தட்டாதவரை தேய்த்தாள். வாரின் உள்பக்கத்தில் நூல் முடிச்சு உரசாதபடி, அதை வாரின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே இழுத்து ஒளித்தாள். அந்தச் சோடியில் அவளால் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

வியாழக்கிழமை சிராஜின் ஸ்கூட்டரில் மூட்டைகளோடு துறைக்குப் போனாள். பத்மஜா செம்பூரிலிருந்து வருகிறவள். புது வருட கேக் ஒரு துண்டை மேஜைமேல் அப்படியே விட்டுவிட்டு, பைகளைப் பிரித்து எண்களைச் சரிபார்த்தாள்.

"சைனப் ஜி, எல்லாம் தாளில போட்டபடிதானே?"

"போட்டபடிதான்."

"நாப்பத்தொண்ணு எங்க?"

அது சைனப்பின் மடியில் இருந்தது. "இதுவும் போட்டபடிதான். ஆனா நாளைக்கு இவங்க வந்தா கண்ணால மட்டும் பாக்க வேணாம்னு டாக்டர்ட்ட சொல்லுங்க. கைய வச்சுப் பாக்கணும். வலது காலு, பெருவிரலுக்குக் கீழ. சுடுது."

பத்மஜாவின் பேனா நின்றது. "இது யாரு கால்னு உங்களுக்குத் தெரியுமா?"

"முதல்லேருந்தே தெரியும்."

பத்மஜா எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஜி, இதை நீங்க எங்கிட்ட சொன்னா நான் எழுதியாகணும். எழுதினா அவங்க இதுல இருக்க முடியாது, நீங்களும் இருக்க முடியாது. உங்க சென்னை பேப்பர் சார் மேஜையில கையெழுத்துக்குக் கிடக்கு. நான் போய்த் தண்ணி குடிச்சிட்டு வரேன். வந்து முதல்லேருந்து கேக்கறேன். சரியா?"

அவள் போனாள். வெளியே யாரோ அலங்காரக் காகிதங்களைப் பிய்த்து எடுக்கும் சத்தம் கேட்டது. சைனப் செருப்பைத் திருப்பி ஓரத்தை ஒருமுறை தடவிப் பார்த்தாள். ஆஸியா போட்ட ஆணையை நினைத்தாள். நாளைக்குச் சமைப்பதை அவள் சாப்பிட மாட்டாள். சொன்னால் சொன்னபடி செய்கிறவள்.

பத்மஜா வந்து உட்கார்ந்தாள். சைனப்பின் முகத்தைப் பார்க்காமல் பேனாவை எடுத்தாள்.

"சொல்லுங்க ஜி. எல்லாம் தாளில போட்டபடிதானே?"

"செருப்பு போட்டபடிதான்," என்றாள் சைனப். "காலுதான் சரியா இல்ல. வலது காலு, பெருவிரலுக்குக் கீழ. எழுதிக்கோங்க."

பத்மஜா எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, சோடியை இரண்டு கைகளாலும் எடுத்து மேஜைக்கு மேலாக நீட்டினாள்.